ஐம்பது நிமிட நூலக வகுப்பில் பாதியில் நிறுத்திக் கேட்ட கேள்வி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தில் உள்ள அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில், முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நூலகம் நடத்தும் ஒரே ஒரு வகுப்பைப் பற்றியது இந்த ஆய்வு. மூன்றாம் பருவத்தில் ப்ராஜெக்ட் தலைப்பு முடிவானதும் துறைத்தலைவர் நூலகத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்குவார். ஐம்பது நிமிடம். அதற்கப்புறம் அந்த மாணவர்களை வகுப்பாக உட்காரவைத்துப் பார்க்கும் வாய்ப்பு நூலகருக்குக் கிடையாது; கவுன்டரில் ஒவ்வொருவராகப் பார்ப்பதோடு சரி. அந்தக் கல்லூரியின் நூலகர் நான். வேதியியல், வணிகவியல், தமிழ் ஆகிய மூன்று துறை வகுப்புகளில், சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறு எழுத்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தோம். மதிப்பெண் கிடையாது, பெயர் எழுத வேண்டாம். மூன்று வகுப்பும் மூன்று விதமாகப் போயின.

பழைய ஏற்பாடு

மாணவர்கள் அந்தியூர், அம்மாபேட்டை, கவுந்தப்பாடி, சென்னிமலை எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பலர் வீட்டில் இவர்கள்தான் முதல் பட்டதாரி. சிலர் இரவில் விசைத்தறி ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறார்கள். பள்ளிப்படிப்பு பெரும்பாலும் தமிழ்வழி. நூலகத்தில் கோஹா மென்பொருளில் ஆன புத்தகப் பட்டியல் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்குத் தரும் என்-லிஸ்ட் வழியாக ஆய்விதழ்களும் மின்னூல்களும் கிடைக்கின்றன. அதே மையம் நடத்தும் ஷோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வசதிக்குக் குறைவில்லை.

ஐம்பது நிமிடத்தில் பத்து நிமிடம் வகுப்பிலிருந்து நடந்து வருவதற்கும் வருகைப் பதிவுக்கும் போய்விடும். மிச்சம் நாற்பதில் இந்திய நூலகவியலின் முன்னோடி ரங்கநாதனின் ஐந்து விதிகள், நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி தசமப் பகுப்பு, புத்தகப் பட்டியலில் தேடுவது, என்-லிஸ்ட், ஷோத்கங்கா, மேற்கோள் காட்டும் முறை, கருத்துத் திருட்டு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி வாய்ப்பில்லை என்பதால் ஒன்றையும் விட மனசு வராது. ஒற்றை வகுப்பு எடுக்கிற எல்லா நூலகர்களுக்கும் உள்ள வியாதி இது. கடைசியில், “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டால் “புரிஞ்சுதுங்க சார்” என்று ஒரே குரலில் பதில் வரும். பெரியவர் ஒருவர் நின்று பேசியிருக்கும்போது “புரியவில்லை” என்று எழுந்து சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அந்தப் பதிலை நன்றி வணக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமே தவிர, புரிந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் ஃபீட்பேக் ஃபார்ம். வகுப்பு எப்படி இருந்தது, பேசியவர் தெளிவாகப் பேசினாரா, வசதிகள் எப்படி என்று ஐந்து கட்டங்கள். எல்லோரும் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுச் சாப்பாட்டு மணிக்கு எழுந்துவிடுவார்கள். அது கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்புக்குள் போகும். இரண்டு வாரம் கழித்து அதே மாணவர்களில் ஒருவர் கவுன்டருக்கு வந்து, “சார், சாயத் தண்ணிய சுத்தம் பண்றதப் பத்தி புக்கு எந்த ரேக்குல இருக்குதுங்க?” என்று கேட்பார். தேவைப்படுவது புத்தகம் அல்ல, ஆய்விதழ்க் கட்டுரை என்பது அவருக்கு வகுப்பில் சொல்லப்பட்டதுதான். காதில் விழுந்திருக்கும். வகுப்பு பிடித்திருந்ததா என்பது வேறு, வகுப்பினால் ஏதாவது செய்யத் தெரிந்ததா என்பது வேறு. ஃபார்ம் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டது.

முறை எங்கிருந்து வந்தது

வகுப்பறையில் உடனுக்குடன் செய்யும் இந்தச் சிறு சோதனைகளை அமெரிக்கக் கல்வியாளர்கள் தாமஸ் ஏஞ்சலோவும் பட்ரீசியா கிராஸும் தொகுத்து 1988இல் ஒரு கையேடாகக் கொண்டுவந்தார்கள். 1993இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐம்பது உத்திகள் உள்ளன. அவற்றில் இரண்டு மிகப் பிரபலம். ஒன்று, ஒரு நிமிடத் தாள்: இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் விடை கிடைக்காத கேள்வி எது என்று ஓரிரு நிமிடத்தில் எழுதித் தருவது. பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் ஷ்வார்ட்ஸின் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். இன்னொன்று, இன்றைய பாடத்தில் எந்த இடம் கலங்கலாக இருந்தது என்று மட்டும் கேட்பது. ஹார்வர்டில் புள்ளியியல் கற்பித்த ஃப்ரெடரிக் மோஸ்டெல்லர் இதைப் பற்றி 1989இல் எழுதினார்.

இரண்டுமே பருவம் முழுக்க ஒரே வகுப்பைச் சந்திக்கிற ஆசிரியருக்காக உருவானவை என்பதைக் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை தாளை வாங்கி, இரவில் படித்து, புதன்கிழமை வகுப்பில் “நிறையப் பேர் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறீர்கள்” என்று ஆரம்பிக்கலாம். நூலகருக்குப் புதன்கிழமை கிடையாது. வகுப்பின் கடைசி நிமிடத்தில் தாளை வாங்கினால், எழுதிய மாணவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த ஆண்டு வருகிறவருக்கு வேண்டுமானால் உதவலாம். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான். எனவே கேள்வியை வகுப்பின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், வரும் பதிலைப் பார்த்து மிச்ச நேரத்தை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லாவிட்டால் கேட்காமலே இருக்கலாம்.

மூன்று கார்டுகள்

கைபேசியில் வாக்களிக்கும் செயலிகளைப் பயன்படுத்தலாமே என்று ஒரு யோசனை வந்தது. வகுப்பு நேரத்தில் மாணவர்கள் கைபேசி வைத்திருக்கக் கல்லூரியில் அனுமதி இல்லை, எனவே பேச்சு அதோடு முடிந்தது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. கோஹாவுக்கு மாறிய பிறகு எழுதப்படாத பழைய அட்டவணை கார்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 12.5க்கு 7.5 செண்டிமீட்டர், கீழே நடுவில் கம்பி போகும் ஓட்டை. கெட்டியான அட்டை என்பதால் மடியில் வைத்தே எழுதலாம். இடம் குறைவு என்பதால் யாரும் கட்டுரை எழுதவும் முடியாது.

முதல் கார்டு வகுப்புக்கு முந்தைய நாள், துறை ஆசிரியர் மூலமாக. அதில் இரண்டு கேள்விகள்: உங்கள் தலைப்பு என்ன? அதற்காக இதுவரை எதையாவது தேடியிருந்தால், தேடும் பெட்டியில் தட்டிய சொற்களை அப்படியே எழுதுங்கள். “உங்களுக்கு இணையத்தில் தேடத் தெரியுமா?” என்று கேட்டிருந்தால் எல்லோரும் தெரியும் என்றிருப்பார்கள். தட்டிய சொற்களைக் கேட்டால் பொய் சொல்ல வழியில்லை.

இரண்டாம் கார்டு, வகுப்பு ஆரம்பித்து இருபதாவது நிமிடத்தில். இதுவரை சொன்னதில் எந்த இடம் குழப்பம், ஒரு வரி. ஒன்றரை நிமிடம். மூன்றாவது கார்டு கடைசி ஏழு நிமிடத்தில், சின்ன வேலை ஒன்று: ஒரு தலைப்பைக் கொடுத்து, என்ன சொற்களைத் தட்டுவீர்கள், எங்கே தட்டுவீர்கள், திரையில் தெரியும் மூன்று முடிவுகளில் எதை எடுப்பீர்கள், ஏன்? தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்து, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லியிருந்தோம். இதைச் சொல்லாவிட்டால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பாதிப் பேர் வெறும் கார்டைத் தந்துவிடுவார்கள்.

வேதியியல் வகுப்பு

திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதும், சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடும் எங்கள் மாணவர்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த கதைகள். வேதியியல் முதுகலைத் தலைப்புகளில் சாயக்கழிவு எப்போதும் முன்வரிசையில் இருக்கும். கடலைத் தோல், புளியங்கொட்டை, தேங்காய்த் தொட்டி இப்படிக் கையில் கிடைப்பதைக் கரியாக்கி, அது மெத்திலீன் நீலத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பது அதிகச் செலவில்லாமல் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடிய வேலை.

முதல் கார்டுகள் வந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பெரும்பாலானவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அப்படியே தட்டியிருந்தார்கள், “ஒரு ஆய்வு” என்பது உட்பட. சிலர் யூடியூப் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஒரு கார்டில், “தேடலீங்க. போன வருசத்து சீனியர் ப்ராஜெக்ட் வாங்கி வெச்சிருக்கேன்” என்று இருந்தது. பெயர் எழுத வேண்டாம் என்றது வீண் போகவில்லை.

இதைப் பார்த்ததும் வகுப்பின் பாதி அடிபட்டது. தசமப் பகுப்பு போனது, மேற்கோள் முறை போனது, ஐந்து விதிகளும் போயின. ரங்கநாதன் இல்லாமல் நூலக வகுப்பா என்று உதவி நூலகர் வருத்தப்பட்டார். 1931இல் அவர் வைத்த நான்காம் விதியே வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதுதான், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். நீளமான தலைப்பை மூன்று நான்கு சொற்களாக உடைப்பதும், ஒரே பொருளுக்கு உள்ள மாற்றுச் சொற்களைச் சேர்ப்பதும் மட்டும் பாடம் என்று வைத்துக்கொண்டோம்.

இருபது நிமிடம் அதுதான் நடந்தது. கடலைத் தோலை இந்திய ஆய்வாளர்கள் பலர் கிரவுண்ட்நட் ஷெல் என்று எழுதுகிறார்கள், அமெரிக்கக் கட்டுரைகளில் அதுவே பீநட் ஷெல். ஒன்றை மட்டும் தட்டினால் மற்றது கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே ‘ஆர்’ போட்டால் இரண்டும் வரும். உறிஞ்சுதல் என்ற சொல்லும் கூடவே வர வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ‘அண்ட்’. இதைத் திரையில் காட்டியபோது தலைகள் நன்றாகவே ஆடின. நடுக் கார்டு இல்லாதிருந்தால், புரிந்துவிட்டது என்று அடுத்த பகுதிக்குப் போயிருப்பேன்.

இரண்டாம் கார்டு வாங்கினோம். மாணவர்கள் தங்கள் தலைப்பைத் தாங்களே உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, உதவி நூலகரும் வேதியியல் ஆசிரியை ஒருவரும் பின் மேசையில் கார்டுகளைப் பிரித்தார்கள். ஒரே மாதிரிக் குழப்பங்களை ஒரே குவியலாகப் போடுவது மட்டும்தான் வேலை. மூன்று நிமிடத்தில் மூன்று குவியல். அண்ட், ஆர் குழப்பம்தான் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அது சின்னக் குவியல். பெரிய குவியலின் மேலே இருந்த கார்டில் இப்படி இருந்தது:

“இந்த வார்த்தய எல்லாம் எந்தப் பெட்டீல அடிக்கோணும்னே தெரியிலீங்க. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்குது.”

கீழே இருந்த கார்டுகளும் வேறு வேறு வாக்கியத்தில் இதையேதான் கேட்டன. கூகுளிலா, லைப்ரரி கேட்லாக்கிலா, என்-லிஸ்டிலா? ஒருவர், லைப்ரரி கேட்லாக்கில் தட்டினால் கட்டுரை வருமா என்று கேட்டிருந்தார். நூலகத்தில் வேலை செய்கிற எங்களுக்கு இந்தப் பெட்டிகள் தனித்தனி உலகம். புத்தகப் பட்டியல் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் நூல்களின் தலைப்பு, ஆசிரியர், பொருள் விவரங்களைத்தான் தேடும். ஆய்விதழுக்குள் இருக்கும் கட்டுரை அதற்குத் தெரியாது. மாணவரின் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைப் பெட்டியும் பூதக்கண்ணாடிப் படமும். எந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாருக்கும் காட்டியதில்லை. அது தெரியாமல் சொல்லை எவ்வளவு அழகாக உடைத்தாலும் போட இடம் இல்லை.

அடுத்த சில நிமிடங்களுக்குத் திட்டமிட்டிருந்தது ஷோத்கங்காவில் ஆய்வேட்டின் அத்தியாயங்களை எப்படித் திறப்பது என்பது. அதை விட்டுவிட்டோம். ஒரே சொல்லை, உறிஞ்சுதல் என்பதன் ஆங்கிலச் சொல்லை, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பெட்டிகளில் தட்டிக் காட்டினேன். எங்கள் பட்டியலில் இயல் வேதியியல் பாடநூல்கள் சில வந்தன, ரேக் எண்ணோடு. கூகுளில் கலைக்களஞ்சியம், கரி விற்கும் கம்பெனிகள், அதோடு பணம் கட்டச் சொல்லும் கட்டுரைப் பக்கங்கள். என்-லிஸ்டில் நுழைந்து ஒரு பதிப்பாளரின் பக்கத்தில் தட்டியபோது கட்டுரைகள், முழுசாக. ஷோத்கங்காவில் ஆய்வேடுகள். ஒவ்வொரு முறையும் தட்டுவதற்கு முன்னால், “இப்ப என்ன வரும்?” என்று கேட்டேன். கூகுளுக்கும் கேட்லாக்குக்கும் பதில் சொல்ல ஆளில்லை. நான்காவது பெட்டிக்கு வந்தபோது பின் வரிசையிலிருந்து, “முழு தீசிஸ் வருமுங்க” என்று குரல் வந்தது.

மூன்றாவது குவியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். “என்-லிஸ்ட் பாஸ்வேர்டு மெயில் வரலீங்க” என்பது போன்றவை. இவை கற்றல் குழப்பமே அல்ல, அலுவலக வேலை. வகுப்பில் அதற்கு ஒரு நொடிகூடச் செலவழிக்கவில்லை. மின்னஞ்சல் முகவரியைத் தப்பாகப் பதிந்திருந்தவர்களைக் கவுன்டரில் வைத்துச் சரிசெய்தோம். கார்டில் எழுதப்படுவது எல்லாவற்றுக்கும் பாடம் எடுக்கக் கிளம்பிவிடக் கூடாது. குவியல் பிரிக்கும்போதே இதைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

கடைசிக் கார்டில் கொடுத்த வேலையை மூன்றாகப் பிரித்தோம்: தேடல் வேலைக்கு ஆகும், பாதி ஆகும், மறுபடி உட்கார வேண்டும். பாதிக்கும் மேல் முதல் கட்டில் விழுந்தன. பெட்டியைத் தவறாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். சொல் உடைப்பதில் இன்னும் தடுமாற்றம் இருந்தது. முழுத் தலைப்பைத் திரும்ப எழுதியவர்களும் இருந்தார்கள்.

வணிகவியல் வகுப்பு

அன்று ஏதோ விழா. வகுப்பு முப்பது நிமிடமாகச் சுருங்கியது. நேரம் இல்லை என்று நடுக் கார்டை விட்டுவிட்டு, கடைசிக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டோம். திட்டமிட்டுச் செய்த ஒப்பீடு அல்ல, ஆனால் ஒப்பீடாகவே அமைந்துவிட்டது.

கொடுத்த தலைப்பு ஈரோடு மஞ்சளின் விலை ஏற்ற இறக்கம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வணிகவியல் மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. சிலர் வீட்டிலேயே மஞ்சள் காடு உண்டு. கார்டுகளைப் படித்தால் சொற்கள் எல்லாம் அருமை. மஞ்சள், விலை, சந்தைப்படுத்தல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று சரியாக உடைத்திருந்தார்கள். ஆனால் எல்லோரும் போன இடம் ஆய்விதழ். அவர்கள் கேள்விக்கு முதலில் வேண்டியது கட்டுரை அல்ல, விலைப் புள்ளிவிவரம். அது வேளாண் சந்தை விலைகளைத் தரும் அரசின் அக்மார்க்நெட் தளத்திலும் நறுமணப் பொருள் வாரியத்தின் வெளியீடுகளிலும் இருக்கிறது. எதிர்கால வர்த்தக விலைக்கு என்சிடெக்ஸ் என்ற விளைபொருள் வர்த்தகச் சந்தை. எந்த மாதிரித் தகவலுக்கு எங்கே போவது என்பதுதான் இவர்களுடைய தடுமாற்றம் என்று கார்டு தெளிவாகக் காட்டியது. காட்டியபோது மாணவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் ஒரு பக்கத்தில் பதில் எழுதி, துறை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னோம், நூலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். ஒட்டிய தாளை எத்தனை பேர் படிப்பார்கள் என்று நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒன்றரை நிமிடம் நிறுத்திக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். நேரம் குறைந்த வகுப்பில் முதலில் வெட்ட வேண்டியது பாடத்தை, கேள்வியை அல்ல என்பது என் எண்ணம்.

தமிழ் வகுப்பு

இங்கே நடுக் கார்டு முதலில் படுத்துவிட்டது. “எந்த இடம் குழப்பம்?” என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை, எல்லாம் அருமை, நன்றி ஐயா என்று வந்தது. துறை ஆசிரியர் ஒருவர் வரிசைகளுக்கு நடுவே நடந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். இன்னொரு காரணம் கேள்வியின் தொனி. குழப்பம் என்று எழுதினால் சொன்னவரைக் குறை சொன்னதாகிவிடும் என்ற கூச்சம். வகுப்பிலேயே கேள்வியை மாற்றினேன். “நாளைக்கு உங்க ஊர் சிநேகிதர் ஒருத்தருக்கு இதை நீங்களே சொல்லித்தரணும். எந்த இடத்துல மாட்டிக்குவீங்க?” ஆசிரியரைக் குவியல் பிரிக்கும் மேசைக்கு அழைத்துக்கொண்டோம், அவருக்கும் வேலை, மாணவர்களுக்கும் நிம்மதி. இந்த முறை கார்டுகளில் விஷயம் இருந்தது. மற்ற துறைகளிலும் அப்போதிலிருந்து இந்தக் கேள்விதான்.

பெரும்பாலான கார்டுகள் ஒரே குறையைச் சொல்லின. நூலகப் பட்டியலில் தமிழில் தட்டினால் எதுவும் வருவதில்லை. கொங்கு நாட்டுப்புறக் கலையான வள்ளிக்கும்மி பற்றி ஆய்வு செய்யும் ஒருவர், “ரேக்குல புக்கு இருக்குது, நானே பாத்திருக்கேன், கம்ப்யூட்டர்ல இல்லீங்க” என்று எழுதியிருந்தார். காரணம் எங்களுக்குத் தெரியும். பட்டியலைக் கணினிக்கு ஏற்றிய காலத்தில் தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தார்கள், அதிலும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். ள-வுக்கு எத்தனை எல் என்று தெரியாமல் தேடிக் கிடைப்பது குருட்டு அதிர்ஷ்டம்.

இதைப் பாடம் நடத்திச் சரிசெய்ய முடியாது. தேடும் திறமை குறைவு என்று மாணவர் பக்கம் தள்ளிவிடவும் முடியாது. அன்று மிச்ச நேரத்தில் பட்டியலை மூடிவிட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தந்து 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தையும், ஷோத்கங்காவில் தமிழ்த்துறை ஆய்வேடுகளையும் காட்டினோம். மின்னூலகத்தில் உள்ள ஸ்கேன் செய்த பழைய நூல்களில் உள்ளே இருக்கும் சொல்லைத் தட்டித் தேட முடியாது, தலைப்பையும் ஆசிரியரையும் வைத்துத்தான் நெருங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். நாட்டுப்புறவியல் நூல்களைத் தேட 398 என்ற எண்ணுள்ள ரேக்குக்கே நேராகப் போகச் சொன்னேன். வேதியியல் வகுப்பில் வெட்டிய தசமப் பகுப்பு இங்கே கைகொடுத்தது.

செலவும் சந்தேகமும்

நடுக் கார்டும் கடைசிக் கார்டும் சேர்ந்து பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கின்றன. நாற்பதில் பத்து என்றால் கால்வாசிப் பாடம். சொல்ல நினைத்த பலவற்றை மாணவர் கேட்காமலே போகிறார்கள். கருத்துத் திருட்டைப் பற்றி வேதியியல் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. வழிகாட்டி ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டோம். அவர் பார்த்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் தகவல் அறிவுக்கென்று, அதாவது தகவலைத் தேடி மதிப்பிட்டுப் பயன்படுத்தும் திறனுக்கென்று, 2015இல் வெளியிட்ட சட்டகத்தில் ஆறு பெரிய கருத்துகள் உள்ளன. ஒரு பீரியடில் அதில் ஒன்றின் ஓரத்தைத் தொட்டாலே பெரிய விஷயம்.

ஆள் பலமும் வேண்டும். பேசுகிறவரே குவியலும் பிரிக்க முடியாது. நூலகர் தனியாள் என்றால், வந்த கார்டுகளில் கைக்கு வந்த எட்டுப் பத்தை உருவி சத்தமாகப் படித்து, “இதே சந்தேகம் யாருக்கு?” என்று கை தூக்கச் சொல்லலாம். இளங்கலை வகுப்பு ஒன்றில் உதவி நூலகர் விடுப்பில் இருந்தபோது அப்படிச் செய்தோம். தன் கார்டு படிக்கப்படுகிறது என்று வெளியே தெரியாததால் கைகள் தாராளமாக எழுந்தன. கச்சிதமான முறை அல்ல. திசை தெரிய அது போதும்.

எத்தனை நாள் நினைவில் நிற்கும் என்பதைக் கார்டு சொல்லாது. அதற்காக நான்காம் பருவத்தில் சமர்ப்பித்த வேதியியல் ப்ராஜெக்டுகளின் துணைநூற்பட்டியலை முந்தைய ஆண்டுப் பிரதிகளோடு வைத்துப் பார்த்தோம். வெறும் இணைய முகவரிகளும் விக்கிப்பீடியாவும் குறைந்து ஆய்விதழ்கள் கூடியிருந்தன. இதை வகுப்பின் வெற்றி என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ஆண்டு வழிகாட்டிகளில் இருவர் புதிதாக முனைவர் பட்டம் முடித்து வந்தவர்கள், கட்டுரை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றவர்கள். எது எதனால் என்று பிரிக்க முடியாது.

தர உறுதிக் குழுக் கூட்டத்தில் கார்டுகளைக் காட்டியபோது, “சதவீதம் எங்கே?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அவர்கள் நிரப்ப வேண்டிய கட்டம் அப்படி. சதவீதத்துக்குப் பதிலாக ஒரு பக்க அட்டவணை கொடுத்தோம்: மாணவர்கள் எழுதியது, அதனால் வகுப்பில் அப்போதே மாற்றியது, அப்புறம் நூலகத்தில் மாற்றியது. கூடவே மாதிரிக்குச் சில கார்டுகள். ஏற்றுக்கொண்டார்கள், பழைய ஃபார்மையும் சேர்த்து வாங்கி வையுங்கள் என்ற நிபந்தனையோடு. வாங்கி வைக்கிறோம்.

இப்போதைய நிலை

முதல் கார்டின் இரண்டு கேள்விகளையும் வேதியியல் துறை தன் தலைப்புப் பதிவுப் படிவத்திலேயே சேர்த்துவிட்டது. இனி தனியாக வாங்க வேண்டியதில்லை. வணிகவியல் துறை ஐம்பது நிமிடத்தை இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரித்து, இரண்டு வாரத்தில் இரண்டு முறை வரச் சம்மதித்திருக்கிறது. அங்கே முதல் பாதி முடிவில் வாங்கும் கார்டை நிதானமாகப் படிக்க நேரம் இருக்கும், எனவே அவசரக் குவியல் வேண்டாம். தமிழ் நூல்களின் பதிவுகளில் ஆங்கில எழுத்தில் இருக்கும் தலைப்பை அழிக்காமல், மாற்றுத் தலைப்புக்கென்று உள்ள 246ஆம் புலத்தில் அதைத் தமிழ் எழுத்திலும் சேர்த்து வருகிறோம். தமிழில் தட்டினாலும் இப்போது கோஹா எடுத்துக் கொடுக்கிறது. 398 முடிந்துவிட்டது. 894.811, அதாவது தமிழ் இலக்கியம், நடந்துகொண்டிருக்கிறது. அது பெரிய ரேக், விடுமுறையிலும் உட்கார்ந்தால்தான் அடுத்த பருவ வகுப்புக்குள் பாதியாவது தாண்டும்.